முட்டுச்சந்து நடுவர்

செப்டம்பர் 14, ஞாயிறு

ஜவுளிக்கடைக்காரர் தை மாதமே கொடுத்த டைரி இது. இதுவரை எழுதாததற்குச் சோம்பல் காரணமல்ல. எழுதும் அளவுக்கு நாட்டில் ஒன்றும் நடக்கவில்லை. இன்று நடந்தது.

கூட்டணி அரசு பதவியேற்று ஓராண்டு நிறைவதை ஒட்டி, அக்டோபர் ஐந்தாம் தேதி எங்கள் ஊர்த் தேர்முட்டியில் விழா. விழாவில் பட்டிமன்றம். பட்டிமன்றத்துக்கு நடுவர் டைம்கீப்பர் அழகுமலை. அதாவது நான்.

முதலில் திண்டுக்கல்லில் ஒரு பேராசிரியரைக் கேட்டார்களாம். அவருக்குக் காய்ச்சல். பிறகு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். தேதியைக் கேட்டதும் அவர் மகள் வீட்டுக்குச் சென்னை கிளம்பிவிட்டார். அடுத்துக் கேட்ட வக்கீல் போனையே எடுக்கவில்லை. இத்தனை பேரையும் கழித்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார்கள். யாரும் கிடைக்காமல் வந்திருக்கிறார்கள் என்கிறாள் சௌந்தரம். என் மனைவிக்கு இந்த நுட்பமெல்லாம் புரியாது. பொறுக்கி எடுப்பது என்றாலே கழிப்பதுதானே.

என் குரல் அப்படி. பேருந்து நிலையத்தில் முப்பது வருடம் தனியார் பஸ்களுக்கு டைம்கீப்பராக இருந்தவன். நான் "பழநி" என்று கூப்பிட்டால் பழநியிலேயே திரும்பிப் பார்ப்பார்கள். படிப்பு எட்டாம் வகுப்போடு போதும் என்று நானே நிறுத்திக்கொண்டேன். வாத்தியார் வீடு தேடி வந்து கண்கலங்கினார். அவர் வந்தது நான் உடைத்த ஜன்னல் கண்ணாடிக்காக என்று என் அக்கா சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி மறுத்துப் பேச எனக்கு மனமில்லை.

அந்த அக்காவின் மகள் இளவேணியை நான்தான் வளர்த்தேன், கரூரில் கட்டிக்கொடுத்தேன். இப்போது வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்குத் தாய்மாமன் வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறேன். அக்டோபர் நடுவில் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.

ஒரே ஒரு சங்கடம். எங்கள் தெரு முட்டுச்சந்து. போக வர ஒரே வழி, கடைசி வீடு எங்களுடையது. ஆடி மாதம் பாதாளச் சாக்கடைக்கு என்று வாசல்களை ஒட்டி நெடுகப் பள்ளம் தோண்டினார்கள். தோண்டிக் குழாய் பதிப்பது பெரிய கட்சிக்காரர்களின் ஒப்பந்தம். மண் மூடிச் சாலை போடுவது தோழமைக் கட்சிக்காரர்களின் ஒப்பந்தம். கூட்டணி என்றால் வேலையிலும் பாதிப்பாதி. மூடுவதாக நீ உறுதி சொன்னால் பதிக்கிறேன் என்கிறார்கள் இவர்கள். நீ பதித்துக் காட்டினால் மூடுகிறேன் என்கிறார்கள் அவர்கள். நாங்கள் பலகை போட்டுத் தாண்டிக்கொண்டிருக்கிறோம். ஆட்டோ தெருமுனையோடு நின்றுவிடும்.

இனிக் கவலையில்லை. நடுவர் வீட்டு வாசலை எவன் அப்படியே விட்டுவைப்பான்?

செப்டம்பர் 17, புதன்

தலைப்பு முதலில் "ஓராண்டு ஆட்சி: சாதனையா, வேதனையா?" என்று இருந்தது. வேதனை என்று பேச ஆள் கிடைக்கவில்லை. ஒருவர் ஒப்புக்கொண்டு, வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனார். போனவர்தான். ஆகவே "ஓராண்டுச் சாதனைக்குப் பெரிதும் காரணம் தலைமைக் கட்சியா, தோழமைக் கட்சியா?" என்று மாற்றிவிட்டார்கள். சாதனை என்பது முடிவாகிவிட்டது. யாருடையது என்பதுதான் பாக்கி.

இந்த மாற்றம் என் யோசனை. நான் சொல்வதற்குள் நோட்டீஸ் அச்சாகிவிட்டது, அவ்வளவுதான்.

செப்டம்பர் 18, வியாழன்

நடுவர் என்றால் ஆராய வேண்டும். மாநிலம் முழுவதும் ஆராய எண்ணம். முழங்கால் காரணமாகத் தெருவோடு நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த வீட்டு ஜொகரா ரேஷனில் துவரம்பருப்பு தேதி தவறாமல் வருகிறது என்றாள். கல் இல்லையாம். எதிர்வீட்டுக்காரர், பள்ளிக்கூடத்தில் காலியாகக் கிடந்த வாத்தியார் இடங்களையெல்லாம் நிரப்பிவிட்டார்கள் என்றார். பிறகு இருவருமே பள்ளத்தைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள்.

இளவேணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளிடமும் கேட்டேன். கையை நிறுத்தாமல் சொன்னாள்:

"ரேஷன் ஒரு கட்சி மந்திரி கையில இருக்கு, நடக்குது. பள்ளிக்கூடம் இன்னொரு கட்சி கையில இருக்கு, அதுவும் நடக்குது. ரெண்டு பேரும் சேந்து செய்ய வேண்டியது எதுவோ அது மட்டும்தான் மாமா நிக்குது."

இதையேதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் வாயில் முதலில் வந்துவிட்டது. நடுவர் உரையில் சேர்க்க வேண்டும்.

செப்டம்பர் 20, சனி

பெரிய கட்சியின் நகரச் செயலாளர் வேலுமயில் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் வைத்தே எனக்குப் பொன்னாடை போர்த்தினார். சுற்றிலும் ஆயிரம் பேர் இருந்தார்கள். பலர் பஸ்ஸுக்கு நின்றவர்கள் என்றாலும் கூட்டம் கூட்டம்தானே.

தீர்ப்பு எப்படி இருக்கும் என்று மெதுவாக ஆரம்பித்தார். நடுநிலை என்றேன். சிரித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நடுநிலைதாண்ணே வேணும். நடுநிலையா எங்க பக்கம் சொல்லிருங்க. மறுநாளே குழாய் இறங்கும். உங்க மருமக நடுரோட்ல நடந்து போகட்டும்."

வயிற்றுப் பிள்ளைக்காரியை நினைத்தேன். சரி என்று தலையாட்டினேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

தோழமைக் கட்சியின் செயலாளர் சிலுவைமுத்து பள்ளத்தைத் தாண்டி வீட்டுக்கே வந்தார். பலகை ஆடியதில் ஒரு செருப்பு உள்ளே விழுந்துவிட்டது. ஒற்றைச் செருப்போடு நின்றபடியே பொன்னாடை போர்த்தினார். இவர் முன்னால் "சின்னக் கட்சி" என்று சொல்லக் கூடாது. போன மாதம் ஒரு சலூன்காரர் சொல்லிவிட்டு, பாதிச் சவரத்தில் எழுந்து போனவரைத் தெருவெல்லாம் சமாதானப்படுத்தும்படி ஆனது.

அவர்கள் குழாயைப் போட்டு என்ன செய்வார்கள், மூடுவது நாங்கள்தானே என்றார். தீர்ப்பு மட்டும் அவர்கள் பக்கம் வந்துவிட்டால் மறுநாள் மண், அடுத்த நாள் ஜல்லி, அதற்கடுத்த நாள் தார்.

குழாய் இருந்தால்தானே மூட முடியும், மூடினால்தானே வண்டி வரும். இரண்டும் வேண்டும். அவரிடமும் தலையாட்டினேன்.

இரு தரப்பையும் என் கைக்குள் கொண்டுவந்துவிட்டேன். இதைச் செய்யத் தலைநகரத்தில் பெரிய பெரிய தலைகள் ஒரு வருடமாகத் திணறுகின்றன.

செப்டம்பர் 22, திங்கள்

சௌந்தரம் இரண்டு பொன்னாடைகளையும் துவைத்துப் போட்டாள். ஒன்று சாயம் போகிறது.

செப்டம்பர் 25, வியாழன்

என் சொல்லுக்கு மதிப்பு எவ்வளவு என்பதை இன்று தெருவே கண்டது. காலையில் பெரிய கட்சிக்காரர்கள் லாரியில் சிமெண்டுக் குழாய்களைக் கொண்டுவந்து தெருமுனையில் இறக்கினார்கள். ஒவ்வொன்றும் ஒரு ஆள் குனிந்து நுழையும் அளவு. மதியம் தோழமைக் கட்சிக்காரர்கள் செம்மண் கொண்டுவந்தார்கள். குழாய் கிடந்ததால் உள்ளே வர வழியில்லை. மீதியிருந்த இடத்தில் கொட்டிவிட்டுப் போனார்கள். தலைக்கு மேல் உயரம்.

பதிப்பதும் மூடுவதும் தீர்ப்புக்குப் பிறகுதான் என்று இரு தரப்பும் சொல்லியனுப்பினார்கள். முறை அதுதான். நடுவர் வாய் திறக்கும்முன் வேலையை முடித்தால் ஊர் தப்பாகப் பேசாதா?

இப்போதைக்கு ஆட்டோ தெருமுனைக்கும் வர முடியாது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மண்மேட்டில் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. என்ன உத்தேசம் என்று ஜொகரா வந்து கேட்டாள். பொறு என்றேன்.

"நாங்க பொறுப்போம் மாமா. வயித்துல இருக்கறது பொறுக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

கரூரிலிருந்து சம்பந்தியம்மா தனபாக்கியம் வந்தார்கள். மருமகளுக்கு மாதுளம்பழமும் முறுக்கும் கொண்டுவந்து, மண்மேட்டில் ஏறி இறங்கியதில் முறுக்கெல்லாம் நொறுங்கிவிட்டது. புடவையில் செம்மண். நல்ல குணம், குரல் உயர்த்தவில்லை. அதுதான் கஷ்டம். சத்தம் போட்டால் நானும் பதிலுக்குச் சத்தம் போடுவேன்.

"புள்ளையக் கூட்டிட்டுப் போறனுங்கண்ணா. எங்கூட்டு வாசலுக்கே கார் வருமுங்க" என்றார்கள்.

தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்ணை வயிற்றோடு திருப்பியனுப்பினான் தாய்மாமன் என்று ஊர் சொல்லாதா? தாயில்லாப் பெண் என்று முதலிலிருந்தே அவர்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. மந்திரியே எனக்கு நேரில் வாக்குக் கொடுத்திருக்கிறார் என்றேன். மந்திரி நேரில் என்பது கொஞ்சம் கூடுதல். அவர் கார் தேர்முட்டியைத் தாண்டிப் போனபோது நான் கையெடுத்துக் கும்பிட்டேன், உள்ளேயிருந்து ஒரு கை அசைந்தது. ஐந்தாம் தேதி தீர்ப்பு, எட்டாம் தேதிக்குள் ஆம்புலன்ஸ் இந்த வாசலில் நிற்கும் என்று சொன்னேன்.

அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. இளவேணியைப் பார்த்தார்கள்.

"மாமா சொன்னா வரும் அத்தை. நான் இங்கயே இருக்கேன்" என்றாள்.

என் மேல் அவளுக்கு உள்ள நம்பிக்கையை என்ன சொல்ல. சம்பந்தியம்மா கிளம்பும்போது இளவேணி அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் ரொம்ப நேரம் தணிந்த குரலில் என்னவோ பேசினாள். சமையல் விஷயமாக இருக்கும்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. வண்டியை வெளியே எடுக்க முடியாமல் ஒரு வாரமாக நிற்கும் எதிர்வீட்டு பைக்குக்கும் மாலை போட்டுப் பொட்டு வைத்திருந்தார்கள். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்துவிட்டு, வண்டி எங்கே நகரும் என்று ஆளாளுக்கு முகம் பார்த்துக்கொண்டார்கள். கையால் தள்ளி நசுக்கினார்கள். பொரிகடலை நன்றாக இருந்தது.

அக்டோபர் 3, வெள்ளி

இரண்டு நாளாக மழை. பள்ளம் நிரம்பிவிட்டது. எங்கள் வாசல் பலகை மிதந்து போய், ஜொகராவின் பழைய கதவைப் போட்டிருக்கிறோம். மண்மேடு கரைந்து சேறாகிறது. பால்காரர் மேட்டுக்கு அந்தப் பக்கமே நின்று குரல் கொடுக்கிறார்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஜொகராவின் தங்கை வீடு இருக்கிறது. இளவேணியை இப்போதே அங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாம் என்று சௌந்தரம் காலையிலிருந்து ஒரே பேச்சு. முடியாது என்று சொல்லிவிட்டேன். நாளன்றைக்குப் பெண் இந்த வீட்டில் இல்லை என்று வேலுமயிலுக்கோ சிலுவைமுத்துவுக்கோ தெரிந்தால் அவசரம் போய்விட்டது என்று நினைக்க மாட்டார்களா? சௌந்தரம் தட்டை வைத்த சத்தத்தில் பூனை எழுந்து ஓடியது.

"ஞாயித்துக்கெழமை வரைக்கும்தானே அத்தை. மாமா பேசி முடிக்கட்டும்" என்றாள் இளவேணி. இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுவரோரமாக நடந்துகொண்டே சொன்னாள். நடப்பது நல்லது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறாராம்.

வீட்டிலிருந்து எங்கும் போக முடியாததால் நாள் முழுவதும் உரை தயாரித்தேன். எந்தப் பக்கம் சொன்னாலும் மறுபக்கம் வேலையை நிறுத்திவிடும். எந்தப் பக்கமும் சொல்லாவிட்டால் இரண்டும் நிறுத்திவிடும். இப்படிப்பட்ட தலைப்புக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

அக்டோபர் 5, ஞாயிறு, காலை

வேட்டி சட்டை தயார். தொண்டைக்கு மிளகு. இளவேணி ஆசீர்வாதம் வாங்க வந்தாள். குனிய முடியவில்லை, நின்றபடியே கும்பிட்டாள். முகம் வெளுத்திருந்தது. தூங்கவில்லையாம்.

அக்டோபர் 6, திங்கள்

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். உரைக் குறிப்பு இதிலேயே இருந்ததால் டைரி கையோடு வந்துவிட்டது.

முதலில் தீர்ப்பு. வருங்காலத்துக்கு வேண்டும்.

தேர்முட்டியில் கடல் போலக் கூட்டம். இரு அணியும் பேசி முடித்தன. நான் எழுந்தேன். ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. "தனித்தனியாகச் செய்ய வேண்டியதைச் செய்தீர்கள், ஒப்புக்கொள்கிறேன். சேர்ந்து செய்ய வேண்டியது எது நடந்தது? என் வீட்டு வாசலுக்கு வந்து பாருங்கள்" என்று இடியாக முழங்கினேன். மேடையில் இரு செயலாளர்களும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

மாலை போட்டு இறக்கிவிட்டார்கள். மண்மேட்டில் ஏறி வீட்டுக்கு வந்தால் கதவு சாத்தியிருந்தது. தெருவில் ஒரு பெண்பிள்ளை இல்லை. எதிர்வீட்டுக்காரர்தான் சொன்னார், அங்கே இரு அணியும் பேசிக்கொண்டிருந்தபோதே வலி கண்டுவிட்டதாம். என்னைக் கூப்பிட ஆள் அனுப்ப வேண்டாம் என்று இளவேணியே சொல்லிவிட்டாளாம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, ஜொகராவின் இரண்டு மகன்களும் தெருப் பெண்களும் சேர்ந்து பள்ளத்தைத் தாண்டி, மண்மேட்டில் ஏற்றி, அந்தப் பக்கம் இறக்கி ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார்கள்.

ஓடினேன். முழங்கால் வலி தெரியவில்லை.

பெண் குழந்தை. இருவரும் நலம். என் மூக்கு.

அக்டோபர் 7, செவ்வாய்

மதியம் சௌந்தரம் சாப்பிடப் போனபோது இளவேணியோடு தனியாக இருந்தேன். குழந்தை தூங்கியது. பட்டிமன்றம் எப்படி நடந்தது என்று அவள் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. நானே ஆரம்பித்தேன். கடல் போலக் கூட்டம், ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி, இரண்டு கட்சியையும் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டேன் என்று சொன்னேன்.

அவள் குழந்தையின் துணியைச் சரிசெய்துகொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள்:

"நம்ம தெரு முனைக் கம்பத்துலயும் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தாங்க மாமா."

நான் பக்கத்திலிருந்த காலித் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினேன்.

"'இந்தக் கூட்டணி ரெட்டை மாட்டு வண்டி, ரெண்டு மாடும் ஒரே சீரா இழுக்குது, பாதை பட்டு மாதிரி இருக்கு, ரெண்டு கட்சிக்கும் சரிபாதி வெற்றி'ன்னு சொன்னீங்க. அப்ப நான் மண்மேட்டு உச்சியில இருந்தேன், நாற்காலியோட. ஜொகரா அக்கா பையன் கால் வழுக்கி எல்லாரும் அப்படியே நின்னுட்டாங்க. முழுசும் கேட்டேன். அந்த வலியிலயும் சிரிப்பு வந்திருச்சு மாமா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கோபமில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

"குரல் நல்லா இருந்துச்சு" என்றாள்.

தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அக்டோபர் 10, வெள்ளி

வீட்டுக்கு அனுப்பினார்கள். சம்பந்தியம்மா கார் கொண்டுவந்திருந்தார்கள்.

"கோவிச்சுக்காதீங்கண்ணா. பச்சப்புள்ளைய அந்த மண்ணு மேல தூக்கிட்டுப் போக முடியாதுங்க" என்றார்கள்.

கோபித்துக்கொள்ளவில்லை. கார் அங்கிருந்தே கரூருக்குத் திரும்பியது. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சமையல் செய்ய சௌந்தரமும் கூடப் போய்விட்டாள். என் வீட்டு வாசலை அந்தக் குழந்தை மிதிக்கவே இல்லை.

தெருவில் கேட்டவர்களிடம், கரூர்க் காற்று குழந்தைக்கு நல்லது என்று நானே அனுப்பிவைத்ததாகச் சொன்னேன். ஜொகரா ஒரு கிண்ணத்தில் குழம்பு கொடுத்தாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

மழை. சோறு குழைந்துவிட்டது. வெளியே போகவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

தெருமுனையில், மண்மேட்டுக்கு மேல் மூங்கில் நட்டு ஒரு பெரிய பேனர் கட்டியிருக்கிறார்களாம். நடுவில் என் படம், ஒரு பக்கம் வேலுமயில், ஒரு பக்கம் சிலுவைமுத்து. "சரிபாதி வெற்றி: நடுவரின் நடுநிலைத் தீர்ப்பு" என்று எழுதியிருக்கிறதாம். பால்காரர் சொன்னார். மெயின்ரோட்டைப் பார்த்துக் கட்டியிருப்பதால் எங்கள் பக்கத்துக்கு வெறும் வெள்ளைத் துணிதான் தெரிகிறது. கொஞ்சநஞ்சம் வந்த காற்றும் நின்றுவிட்டது.

குழாய் பதிப்பது எப்போது என்று போன் செய்து கேட்டேன். சரிபாதி என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், முதலில் அவர்கள் பாதியைச் செய்யட்டும் என்றார் வேலுமயில். சிலுவைமுத்துவைக் கேட்டேன். அவரும் அதையேதான் சொன்னார். ஓராண்டில் இருவரும் ஒரே வார்த்தையைச் சொல்லி இப்போதுதான் கேட்கிறேன்.

மாலையில் இளவேணி போன் செய்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெயர் வைக்கிறார்களாம். குழந்தையை முதலில் தொட்டிலில் போடுவது தன் தாய்மாமன் கைதான், வந்துவிடுங்கள் என்றாள். அதற்குள் ரோடு போட்டுவிடுவார்கள், வாசலிலிருந்தே காரில் வந்துவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. பஸ்ஸில் வருகிறேன் என்றேன்.

அந்தப் பக்கம் குழந்தை சிணுங்குவது கேட்டது.

"மேட்டுல பாத்து ஏறுங்க மாமா" என்றாள்.

அக்டோபர் 16, வியாழன்

காலையில் தெருமுனையில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் சத்தம். வேலுமயிலும் சிலுவைமுத்துவும் சேர்ந்தே வந்திருந்தார்கள். பேனர் துணியை ஒதுக்கிக்கொண்டு இருவர் தலையும் மேட்டுக்கு மேல் தெரிந்தன. மாவட்டத் தலைநகரில் பெரிய விழாவாம். தலைவர்கள் வருகிறார்களாம். அதே பட்டிமன்றம், அதே தீர்ப்பு, அதே நடுவர். கார் தயாராக நிற்கிறதாம்.

நான் வாசலில், கதவுப் பலகைக்கு இந்தப் பக்கம் நின்றேன். நடுவில் பள்ளம், தண்ணீர், சேறு.

"வெளிய வாங்கண்ணே, பேசுவோம்" என்றார் வேலுமயில்.

"நீங்க உள்ள வாங்க" என்றேன்.

இருவரும் கீழே பார்த்தார்கள். சிலுவைமுத்து ஒரு காலை எடுத்து வைத்துப் பார்த்தார். கணுக்கால் வரை இறங்கியது. எடுத்துக்கொண்டார்.

"தலைவர் முன்னாடி பேசற வாய்ப்புண்ணே. நீங்க வாங்க."

"தீர்ப்பு இங்கதான் இருக்கு. ரெண்டு பேரும் சேந்து வந்து பாத்துட்டுப் போங்க."

பஸ் ஸ்டாண்டுக் குரலில் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னேன். கேட்டிருக்கும். ஜன்னல்களில் ஆட்கள் நின்றார்கள். ஜொகரா அரிவாள்மனையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்திருந்தாள்.

ரொம்ப நேரம் நின்றார்கள். நானும் நின்றேன். நீங்கள் போங்கள் என்று இவரும், நீங்கள் முதலில் போங்கள் என்று அவரும் கை காட்டிக்கொண்டார்கள். பிறகு துணி மூடிக்கொண்டது. கார் கிளம்பும் சத்தம் கேட்டது.